எழும்பிய டைல்ஸைப் பக்கத்துக் கல் உடையாமல் எடுக்க

மழை விடாமல் பெய்து குளிர்ந்த நாள்களில், சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் கூடத்து டைல்ஸ் 'டப்'பென்று கூடாரம்போல் எழும்பிவிடுவதுண்டு. குளிரில் கான்கிரீட் தரை சுருங்குகிறது. இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்த கற்கள் ஒன்றையொன்று தள்ளி, அடியில் பிடிப்பு விட்ட இடத்தில் மேலே கிளம்புகின்றன.

இரண்டு மூன்று கல்தான் என்றாலும் முதலில் வீவக கிளையில் கேட்டுவிடுங்கள். சமையலறை, குளியலறைத் தரையில் கை வைக்கவே வேண்டாம். அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கிழிந்தால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். அந்தத் தரை வேலைக்கு அனுமதியும் வீவக பட்டியலில் உள்ள புதுப்பிப்புக் குத்தகையாளரும் வேண்டும். உடைக்கும் வேலை வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான்.

எழும்பிய கல்லைச் சுற்றி நாணயத்தால் தட்டுங்கள். 'கடகட'வென்று பொள்ளலாய்க் கேட்கும் கல்லிலெல்லாம் டேப் ஒட்டுங்கள். அவையும் போகவேண்டியவை.

எடுத்த எடுப்பில் சுத்தியலால் அடித்தால் அதிர்வு நல்ல கல்லுக்கும் போய் ஓரம் தெறிக்கும். முதலில் கல்லைத் தனியாகப் பிரிக்கவேண்டும். கற்களின் இடைவெளியை நிரப்பும் பூச்சான கிரவுட் இருந்தால் கை ரம்பத்தால் நான்கு பக்கமும் அறுத்தெடுங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் ரம்பம் நுழையாது. அப்போது எடுக்கப்போகும் கல்லின் உள்பக்கம், ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, வைர பிளேடு போட்ட கிரைண்டரால் வெட்டுங்கள். வெட்டும் ஆழம் கல்லின் கனத்தைத் தாண்டவேண்டாம். சிமெண்டுக்குள் மின்கம்பிக் குழாய் ஓடலாம். தூசியில் சிலிக்கா இருக்கிறது: என்95 முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம்.

பிறகு நடுவில் உடைத்து, உளியைச் சாய்வாகப் பிடித்து வெளிப்புறமாகப் பெயர்த்து வாருங்கள். மிஞ்சிய ஓரப் பட்டையை மட்டும் நடுப்பக்கமாக இழுங்கள். வெளிப்பக்கம் நெம்பினால் நல்ல கல் போய்விடும்.

அடியிலுள்ள பழைய சிமெண்டைச் சுரண்டி, தூசியை முழுக்க உறிஞ்சுங்கள். தூசிமேல் பசை ஒட்டாது. புதுக் கல்லும் எழும்பும். பழைய வீட்டில் டைல்ஸுக்கு அடியில் வினைல் துண்டோ கறுப்புப் பசையோ தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், சோதிக்காமல் சுரண்டாதீர்கள். 1991க்கு முன் கட்டிய வீட்டில் இந்த எச்சரிக்கை முக்கியம்.

புதுக் கல்லுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, 24 மணி நேரம் கழித்தே கிரவுட் இடுங்கள். உடைந்த துண்டுகளைக் குப்பைக் குழாயில் போடாமல் தனியாக ஏற்றி அனுப்புங்கள்.