டிரம் பக்கத்தில் துள்ளும் வெப்பநிலை: லோ-பாஸ் ஃபில்டர் போடும் முறை

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் டிரம்மின் மோட்டாரை விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஓட்டினால், அருகில் உள்ள எல்எம்35 வெப்பநிலை சென்சாரின் அளவீடு நிலையாக நிற்காது. டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்தான் தருகிறது. ஒயரில் ஏறும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலே அதைக் கலைத்துவிடும்.

இதற்கு மருந்து லோ-பாஸ் ஃபில்டர்: மெதுவான சிக்னலை விட்டு, வேகமான இரைச்சலைத் தடுக்கும் சுற்று. சென்சார் ஒயரில் தொடராக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இரண்டும் சேரும் அந்த முனைதான் ஏடிசி-க்கு (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) போக வேண்டும். இரண்டையும் ஏடிசி உள்ள போர்டை ஒட்டியே வையுங்கள். சென்சார் பக்கம் வைத்தால் நடுவில் உள்ள ஒயர் மறுபடி இரைச்சலை வாங்கும். எலக்ட்ரோலிட்டிக் என்றால் மைனஸ் கால் கிரவுண்டில்.

ஃபில்டர் தடுக்கத் தொடங்கும் வெட்டு அதிர்வெண் = 1 ÷ (2 × 3.14 × ஓம் × ஃபாரட்). இங்கே சுமார் 1.6 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் சிக்னல் 70.7 சதவீதமாகிறது, 50 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய 31-இல் ஒரு பங்காகச் சுருங்கும். விலையாக, அளவீடு அடங்க அரை விநாடி ஆகும். மெதுவாகச் சூடேறும் தொட்டித் தண்ணீருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

சோதிக்க, உள்ளீட்டில் 5 வோல்ட் கொடுத்து ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள்: 0.1 விநாடியில் 3.16 வோல்ட் வர வேண்டும். கெப்பாசிட்டர் மதிப்பு 20 சதவீதம் வரை விலகலாம். நேரமும் அதற்கேற்ப மாறும்.

போதவில்லை என்று அதே ஜோடியை இன்னொன்று அடுக்கினால், இரண்டாவது முதலாவதிலிருந்து மின்னோட்டத்தை இழுக்கும், 1.6 ஹெர்ட்ஸில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். நடுவில் அந்த இழுப்பைத் தடுக்கும் ஆப்-ஆம்ப் பஃபர் வைத்தால் பாதி கிடைக்கும். புரோகிராமில் சராசரி எடுத்தால் போதாதா என்பார்கள். ஏடிசி-யின் மாதிரி வேகத்தில் (விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதில்) பாதிக்கு மேலான இரைச்சல் உள்ளே வந்ததும் மெதுவான சிக்னல் போல வேஷம் போடும். பிறகு பிரிக்க முடியாது.