விலைப்பட்டியலைப் படமாக ஏற்றாதீர்கள்: வணிக இணையதளங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர்ப் பின்னலாடை, கரூர்த் திரைச்சீலை, கோவை வெட் கிரைண்டர், ஈரோட்டு மஞ்சள், சென்னிமலைப் போர்வை எனச் சரக்கு எதுவானாலும், அதை விற்கும் இணையதளங்களில் அடிக்கடி கண்ணில் படும் தவறு ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காக வடிவமைத்த விலைப்பட்டியலை அப்படியே படமாகத் தளத்திலும் ஏற்றிவிடுகிறார்கள். பார்வையற்றவர்கள் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பான் மென்பொருளைக் கொண்டே இணையத்தில் உலவுகிறார்கள்; படத்துக்குள் அடைபட்ட அளவையும் விலையையும் குறைந்தபட்ச ஆர்டரையும் அந்த மென்பொருள் நம்பத்தக்க வகையில் வாசித்துக் காட்டாது. பார்வை மங்கிய முதியவர் அதைப் பெரிதாக்கினால் எழுத்து கலங்கிப்போகும். பட்டியலை உண்மையான எழுத்தாக, தலைப்புகள் உள்ள அட்டவணையாகத் தட்டச்சு செய்தால் இரண்டு குறையும் நீங்கும். தேடுபொறிக்கும் அதுவே எளிது.

பொருளின் படம் படமாகத்தான் இருக்க முடியும் என்பதால், படத்தில் இருப்பதைத் திரைவாசிப்பான் வாசிக்கும்படி சொற்களில் சொல்லும் மாற்று உரையை (alt text) அதனோடு சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காமலே விட்டால் கேமரா இட்ட கோப்புப் பெயரும் எண்ணும் வாடிக்கையாளர் காதில் விழக்கூடும். ‘ஜமக்காளம்’ என்று மட்டும் எழுதுவதும் போதாது. ‘பவானி ஜமக்காளம், சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள், இருவர் அமரும் அளவு’ என்று கடைக்காரர் விரித்துக் காட்டும்போது சொல்வதை எழுதினால் போதும். வெறும் அலங்காரப் படங்களுக்கு மாற்று உரைக்கான குறியை நிரலில் வைத்து, அதை வேண்டுமென்றே வெறுமையாக (alt="") விடலாம்; திரைவாசிப்பான் அவற்றைத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு பூவேலைப்பாட்டுக்கும் விளக்கம் கேட்க யாருக்கும் பொறுமை இராது.

தமிழில் தளம் நடத்துவோருக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அச்சகத்தில் பழகிய பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்குள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே இருக்கும். திரைவாசிப்பானும் அதையே உளறும். யூனிகோடில் எழுதியபின், பக்கத்தின் மொழி தமிழ் என்பதை நிரலில் குறிப்பிடவும் வேண்டும். வார்ப்புருவை ஆங்கிலத் தளத்திலிருந்து எடுப்பவர்கள் மறப்பது இதைத்தான்.

அடுத்தது ‘விலைக்கு அழைக்கவும்’ என்னும் நம் ஊர் வழக்கம். விலையை வெளியிட்டால் போட்டியாளர் பார்த்துவிடுவார் என்ற கவலை நியாயமானதே. ஆனால் தொலைபேசி எண் ஒன்றை மட்டும் கொடுத்தால், காது கேளாதவருக்கும் பேச இயலாதவருக்கும் அந்தக் கடை மூடிக் கிடப்பதாகவே பொருள். விலையை வெளியிட விருப்பமில்லையென்றாலும், வாட்ஸ்அப் எண்ணும் மின்னஞ்சலும் அதே இடத்தில் இருக்கட்டும், அவற்றுக்குப் பதில் எழுதவும் ஆள் இருக்கட்டும். ஆலையைச் சுற்றிக் காட்டும் வீடியோவுக்கு வசனவரி சேர்ப்பதும் இதே வகைதான். தறிச் சத்தத்தில் காது நன்றாகக் கேட்பவருக்கே பேச்சு விளங்குவதில்லை.

நிறத்தில், உலகளாவிய இணையக் கூட்டமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டி, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு கேட்கிறது. வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்ற மஞ்சள் எழுத்து 2:1ஐக்கூட எட்டாது என்பதை மஞ்சள் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். பக்கம் திறந்ததும் தானாக ஒலிக்கும் நாதஸ்வரம் திரைவாசிப்பானின் குரலை அமுக்கிவிடும் என்பதால், மூன்று விநாடிக்கு மேல் நீளும் ஒலியை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்றும் அவ்வழிகாட்டி சொல்கிறது. மவுஸ் பிடிக்க இயலாதவர்கள் டேப் விசையால் நகர்வார்கள். அப்போது எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை அழகுக்காக நீக்கிவிடக் கூடாது. ஆர்டர் படிவத்தில் தவறான கட்டத்தைச் சிவப்பாக்கினால் மட்டும் போதாது, ‘பின்கோடு ஆறு இலக்கமாக இருக்க வேண்டும்’ என்று எழுத்திலும் சொல்ல வேண்டும்.

சட்டமும் இதில் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 46ஆம் பிரிவு, அணுகல் விதிகளைப் பின்பற்றும் கடமையை அரசு சேவைகளோடு தனியார் சேவைகளுக்கும் சேர்த்தே விதிக்கிறது. ஐரோப்பிய நுகர்வோருக்கு இணையத்தில் நேரடியாக விற்கும் ஏற்றுமதியாளர்கள், 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் தங்களுக்குப் பொருந்துமா என்று ஆலோசகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது; மிகச் சிறிய சேவை நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு.

சட்டம் என்றதும், தளத்தின் மூலையில் ஒரு பொத்தானை ஒட்டி எல்லாம் சரியாகிவிடும் என்று விற்பவர்கள் வருவார்கள். மாற்று உரையே இல்லாத படத்துக்குச் சரியான உரையை அந்தப் பொத்தானால் எழுதிவிட முடியாது. இத்தகைய கருவியை மிகைப்படுத்தி விற்ற ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025இல் உத்தரவிட்டதை அவர்களிடம் நினைவூட்டலாம்.

சோதிக்கப் பெரிய செலவு ஆகாது. விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ (NVDA) என்னும் திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக் (TalkBack) என்னும் திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கிறது. அதை இயக்கி, திரையைப் பார்க்காமல் ஒரு பொருளைத் தேர்ந்து பணம் செலுத்தும் கட்டம் வரை போய்ப் பாருங்கள். திரைவாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவரை, கூலி கொடுத்து, அதே வேலையைச் செய்யச் சொல்லிக் கவனித்தால் இன்னும் தெளிவாகும். தளத்தை ஒருமுறை சீராக்கியபின் அதைக் கெடுப்பது பெரும்பாலும் தீபாவளித் தள்ளுபடிக்காக அவசரமாக ஏற்றப்படும் பேனர்தான். ஆகவே புதுச் சரக்கைப் பதியும் எக்செல் தாளிலேயே விலைக்குப் பக்கத்தில் மாற்று உரைக்கென்று ஒரு நெடுவரிசையை வைத்து, அது நிரம்பாமல் படம் ஏறக் கூடாது என்று பதிவேற்றும் ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.