பழைய வீட்டில் ஓதம் ஏறிய சுவரும் நாம் செய்யும் தவறுகளும்

சுண்ணாம்புக்காரை பூசிய பழைய வீடுகளில் கார்த்திகை மழை ஓய்ந்ததும் சுவரின் அடிப்பகுதி கருக்கும், உப்புப் பூக்கும், பெயிண்ட் செதில் செதிலாக உதிரும். உடனே காரையைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, புட்டி வைத்து, எமல்ஷன் அடிக்கிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இல்லை. சுண்ணாம்புக்காரை ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். சிமென்ட்டும் எமல்ஷனும் அதை அடைத்துவிடும். போக வழியில்லாத ஈரம் செங்கலுக்குள்ளேயே மேலேறி, இரண்டடியில் நின்ற ஓதம் சிமென்ட் பூச்சு முடியும் இடத்துக்கு மேலே தலைகாட்டும். கறையை மறைக்க டைல்ஸ் ஒட்டினாலும் இதுதான் நடக்கும்.

பூச்சைத் தொடுமுன் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். தரையிலிருந்து சுமார் மூன்றடிக்குள், சுவர் நெடுக மேடுபள்ளமான கோடாக இருந்தால் நிலத்து ஈரம். கூரையை ஒட்டி இருந்தால் தளத்து ஓடுகளின் இணைப்போ மழைநீர்க் குழாயோ விட்டிருக்கும். குளியலறைச் சுவரின் மறுபக்கம் ஒரே திட்டாக இருந்தால் குழாய்க் கசிவு. சந்தேகமாக இருந்தால் ஒன்றரையடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முன்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றில்தான் ஈரம், அதற்குக் கொத்தனார் தேவையில்லை, காற்றோட்டம் போதும்.

நிலத்து ஈரத்தில் பலரும் கவனிக்காமல் விடுவது வெளிப்புற மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் சாலைக்கு மேல் சாலை போட்டதில் எத்தனையோ வீடுகள் தெருவுக்குக் கீழே போய்விட்டன. முற்றத்து மண்ணும் வருடா வருடம் ஏறுகிறது. சுவரை ஒட்டிய மண்ணை வீட்டுத்தரைக்கு அரையடியாவது கீழே வெட்டி, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுக்க வேண்டும். தெரு மட்டமே உயர்ந்துவிட்ட வீடுகளில் சுவரோரம் வடிகால் எடுக்காமல் வேறு எந்த வேலையும் நிற்காது.

அதன்பிறகே பூச்சு. ஓதக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை காரையைக் கொத்தி, செங்கல் இணைப்புகளை அரை அங்குல ஆழம் சுரண்டுங்கள். பூத்த உப்பைத் தண்ணீர்விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். சுவரை வெயில் மாதங்களில் நன்றாகக் காயவிட வேண்டும். ஒன்பது அங்குலச் சுவருக்கு இரண்டு வாரம் போதவே போதாது. பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய மணல், அரை அங்குலத்துக்கு மேற்படாமல் ஒரு பூச்சு, அது இறுகியபின் அடுத்தது. உப்புத் தண்ணீரில் கலக்கவே கூடாது. ஒரு வாரமாவது லேசாக ஈரம் தெளித்துவந்து, மேலே சுண்ணாம்பு வெள்ளையடிப்பு மட்டும்.

கறுப்புப் பூசணத்தைக் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், அறை முழுக்கப் பறக்கும். முகத்தை மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஜன்னலைத் திறந்து உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ கழிப்பறை கிளீனரையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள்.