பந்தயத்தைக் கடைசியிலிருந்து பாருங்கள்: வசந்தகால சைக்கிள் ஓட்டங்களில் ஆளைக் கணிக்கும் வழி

ஹட்டன் பக்கம் உட்கார்ந்து சைக்கிள் பந்தயம் பார்க்கிறோம் என்றால் முதலில் சிரிப்பார்கள். இங்கே சைக்கிளில் ஏறிப் போகிற தூரத்தைவிட அதைத் தள்ளிக்கொண்டு போகிற தூரம்தான் அதிகம். ஆனாலும் மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய ஆறேழு பேர் ஒரு டீக்கடையின் பின்பக்கம் கூடி, போனை பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்து, பெல்ஜியத்துச் சேற்றில் ஆட்கள் விழுந்து எழும்புவதைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்போம். நேரமும் நமக்கு வசதி. மார்ச் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் மணிக்கூட்டை முன்னால் தள்ளிவிடுவார்கள், அதற்குப் பிறகு நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணித்தியாலம்தான் வித்தியாசம், ஆகவே பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் சுற்று, பிரான்சின் பாரிஸ்–ரூபே என்ற ஒருநாள் பந்தயங்கள் முடிகிறபோது இங்கே இரவு எட்டு, எட்டரை. இத்தாலியின் மிலான்–சன் ரெமோ அதற்கு முன்பே வருவதால் அது மட்டும் ஒரு மணித்தியாலம் பிந்தும்.

நம் மொழியில் ஓடுவதும் பந்தயம், காசு வைப்பதும் பந்தயம். ஜெயிப்பவர் பெயரை முன்கூட்டியே எழுதி நாங்கள் வைப்பது பிளேன்டீயும் வடையும்தான். அதற்கு மேலே போனால் விளையாட்டும் கெடும், வீட்டில் சோறும் கிடைக்காது. புதிதாக வருகிற தம்பிமார் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணே, இதில யாரு பெரிய ஆளு?" அந்தக் கேள்வியே பிழை. எங்கள் தோட்டத்தில் சித்திரைப் புத்தாண்டுக்கு லுமாலா சைக்கிளில் ஓட்டம் வைத்தபோது பங்களா வளைவு வரைக்கும் மூச்சைப் பிடித்து முன்னால் மிதித்தவன் மூன்றாவதாகத்தான் வந்தான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்த ஒல்லிப் பையன் பரிசு வாங்கிக்கொண்டு போனான். கேட்க வேண்டியது இதுதான்: முடிவாகிற இடத்தில் யார் முன்னால் நின்று காற்றை உடைத்து இழுத்தாக வேண்டும், யார் பின்னால் ஒட்டிக்கொண்டு வரலாம்?

சரி, எங்கிருந்து தொடங்குவது? பாதை வரைபடத்தை எடுத்து முடிவுக் கோட்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முதல் 150 கிலோமீட்டரை விட்டுவிடலாம். கூட்டம் உடையக்கூடிய கடைசி இரண்டு மூன்று இடங்களை மட்டும் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் கோடு வரை எவ்வளவு தூரம், அது இறக்கமா, சமதளமா, காற்றுக்குத் திறந்த வெளியா என்று பாருங்கள். சன் ரெமோவில் போஜியோ என்ற கடைசி ஏற்றத்தின் உச்சியிலிருந்து கோடு வரை ஐந்தரைக் கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் இறக்கம். ஃபிளாண்டர்ஸில் கடைசி ஏற்றமான பேட்டர்பெர்க்கிலிருந்து 13 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் வைத்தே பாதிப் பெயர்களை அடித்துவிடலாம்.

மலைநாட்டுக்காரர் நமக்கு ஒரு வியாதி உண்டு, ஏற்றம் என்றதும் ரம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு வளைந்து வளைந்து ஏறுகிற ரோடுதான் ஞாபகத்துக்கு வரும். பேட்டர்பெர்க் மொத்தமே 360 மீட்டர். சராசரி 13 வீதச் சரிவு, உச்சமாக 20 வீதம், தரையெல்லாம் கல் பதித்தது. ஒரு நிமிடத்துச் சொச்ச வேலை, அவ்வளவுதான். அதற்கு எலும்பும் தோலுமான மலையேறி வேண்டாம். ஒரு நிமிடம் உயிரைக் கொடுத்து மிதித்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் அதையே இன்னொரு மேட்டில் செய்யக்கூடிய கனமான ஆள் வேண்டும். அதைவிட முக்கியம், அந்த ஒடுங்கிய பாதைக்குள் திரும்பும்போது அவர் முதல் பத்துப் பதினைந்து பேருக்குள் இருக்க வேண்டும். தோட்டத்து ரோட்டில் கொழுந்து லொறிக்குப் பின்னால் பஸ் மாட்டிக்கொண்டால் டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்து என்ன பிரயோசனம்? முன்னால் ஒருவர் சறுக்கிக் காலை ஊன்றினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் இறங்கி நடக்க வேண்டியதுதான். இது குழுவாக ஓடுகிற ஓட்டம், ஆகவே தங்கள் முக்கிய ஆளைக் கொண்டுபோய் முன்னால் விடுவதற்கு அவர் குழுவில் யார் மிச்சம் இருப்பார்கள் என்று பார்க்காமல் ஒரு பெயரையும் எழுதாதீர்கள்.

இப்போது ஒட்டி வருகிற கணக்கு. நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியது இது ஒன்றுதான், மீதி எல்லாம் இதிலிருந்து வருகிறது. இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டி வந்தால் சமதளத்தில் கால்வாசிக்குக் குறையாமல் உழைப்பு மிச்சமாகும், காரணம் காற்றை அவர் கிழித்துக் கொடுக்கிறார். ஆனால் அந்த மிச்சம் வேகத்தைப் பொறுத்தது. போஜியோ 3.7 கிலோமீட்டர், சரிவு 4 வீதம்கூட இல்லை, முன்னணி ஆட்கள் அதை ஆறு நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள், அதாவது மணிக்கு நாற்பதைத் தொடுகிற வேகம். அந்த வேகத்தில் பின்னால் இருப்பவருக்கு லாபம் அப்படியே இருக்கிறது. 2025 மார்ச்சில் ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சார் அதற்கு முந்தைய ஏற்றமான சிப்ரெஸாவிலேயே அடித்துக் கிளம்பினார், அதாவது திடீரென்று வேகம் கூட்டிக் கூட்டத்தை உடைக்கப் பார்த்தார், நெதர்லாந்தின் மத்தியூ வன் டெர் பூலும் இத்தாலியின் ஃபிலிப்போ கன்னாவும் ஒட்டிக்கொண்டார்கள், போஜியோவில் திரும்பத் திரும்ப அடித்தும் வன் டெர் பூலைக் கழற்ற முடியவில்லை, கழன்றுபோன கன்னாவும் கீழே வந்து சேர்ந்துவிட்டார். கடைசி வேக ஓட்டத்தில் வன் டெர் பூல் வென்றார், கன்னா இரண்டாவது, பொகாச்சார் மூன்றாவது. அதே பொகாச்சார் ஏப்ரல் கடைசியில் பெல்ஜியத்தின் லியேஜ்–பஸ்டோன்–லியேஜ் பந்தயத்தில் லா ரெடூட் ஏற்றத்தில் கிளம்பினார், கோட்டுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது, ஒருவராலும் ஒட்ட முடியவில்லை. ஆள் அதே ஆள்தான், கால்களும் அதே கால்கள்தான். லா ரெடூட் செங்குத்து, வேகம் குறைந்துவிடும், பின்னால் இருப்பவருக்கு ஒளிய இடம் இல்லை. ஆளைப் பற்றி எவ்வளவு படித்தாலும் சரிவைப் பார்க்காவிட்டால் வடை போய்விடும்.

ஃபிளெஷ் வலோன் என்ற பெல்ஜியப் பந்தயத்துக்கு இவ்வளவு மண்டையை உடைக்க வேண்டாம். முடிவு ஹுய் சுவர் என்கிற செங்குத்து ஏற்றத்தில், 1.3 கிலோமீட்டர், சராசரி கிட்டத்தட்ட 10 வீதம். முந்தைய வருஷத்து முடிவைப் பார்த்து எழுதுங்கள். ஸ்பெயினின் அலெஹாண்ட்ரோ வல்வெர்தே அந்தப் பந்தயத்தை ஐந்து தரம் வென்றார், அதில் நான்கு தொடர்ச்சியாக.

பாரிஸ்–ரூபே வேறு ஜாதி. ஏற்றமே கிடையாது, ஏறத்தாழ 260 கிலோமீட்டரில் 55 கிலோமீட்டர் அளவுக்குக் கல்பாதை, அதுவும் ஃபிளாண்டர்ஸ் கற்கள் மாதிரி அடுக்கிப் பதித்தது இல்லை, பழைய தோட்டத்து ரோடு ஒரு மழைக்காலம் முடிந்து எப்படி இருக்குமோ அப்படி. இங்கே டயர் வெடிக்கும், ஆள் விழுவார், காட்டுக்குள் போகிற அரென்பெர்க் பாதையில் கூட்டமே துண்டு துண்டாகும். அதனால் காலையிலேயே கிளம்பிப் போகிற சின்னக் கூட்டத்தை இந்தப் பந்தயத்தில் அலட்சியம் பண்ணக் கூடாது. முன்னால் போகிறவனுக்கு முன்னால் விழ ஆள் இல்லை, அதுதான் அவன் மூலதனம். 2016இல் அவுஸ்திரேலியாவின் மத்தியூ ஹேமன் அப்படிப் போனவர்தான், ஆறு வாரத்துக்கு முன்னால் கை எலும்பு உடைந்து, வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதித்துப் பயிற்சி எடுத்து வந்தவர். கடைசியில் முடிவுக் கோடு இருக்கிற சைக்கிள் மைதானத்துக்குள், ரூபேயை நான்கு தரம் வென்ற டொம் பூனனையே முந்திக் கோட்டைத் தொட்டார். மூன்று பெயர் எழுதலாம் என்றால் ரூபேக்கு மட்டும் ஒன்றை இப்படிப்பட்ட ஒருவருக்கு ஒதுக்கி வைப்பது என் பழக்கம். அநேகமாகத் தோற்பேன், ஆனால் கிடைத்தால் அந்த வருஷம் முழுக்கப் பேசலாம்.

ஆளின் நிலையை எங்கே பார்ப்பது? மார்ச் கடைசியில் நடக்கிற ஈ3 பந்தயம் ஃபிளாண்டர்ஸின் அதே ஏற்றங்களில் பலவற்றைத் தொடும், பேட்டர்பெர்க்கும் அவுட க்வாரெமொண்ட் என்ற ஏற்றமும் அதிலும் உண்டு. அதன் முடிவுப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். இடைவெளி விழுந்தபோது தனியாகப் போய் அதை மூடியது யார், மூடிய பிறகும் நின்றுபிடித்தது யார் என்று கவனியுங்கள். ஐந்தாவதாக வந்தவர் சில நேரம் முதலாவதாக வந்தவரைவிட நல்ல நிலையில் இருப்பார்.

காலையில் காற்றைப் பாருங்கள். அம்பேவெலப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பக்கவாட்டில் அடிக்கிற காற்றுக்கு முன்னால் இருப்பவரின் முதுகு மறைப்பாகாது, அவருக்குப் பக்கத்தில் சரிந்து நிற்க வேண்டும். ரோட்டின் அகலம் முடிகிறபோது அந்தச் சரிந்த வரிசையும் முடிந்துவிடும், இடம் கிடைக்காதவர்கள் ஓரத்து வரியில் தொங்கிக்கொண்டு ஒவ்வொருவராக அறுந்து விழுவார்கள். ஏற்றத்தில் எதிர்க்காற்று என்றால் ஒட்டி வருகிறவருக்கு யோகம், முதுகுக்காற்று என்றால் உடைத்துக்கொண்டு போகிறவருக்கு.

அப்புறம் வாக்குவாதம். கணிப்பது ஐந்து நிமிட வேலை, சண்டைதான் ஒரு கிழமைக்கு ஓடும். "அவன் ஏன் இழுக்கல?" என்று கத்துவதற்கு முன்னால் நாலு விஷயத்தைப் பார்த்துவிட்டுக் கத்துங்கள். முன்னால் அவனுடைய குழுக்காரன் இருக்கிறானா? கடைசி ஓட்டத்தில் அவனைவிட வேகமானவன் கூட இருக்கிறானா? பின்னால் துரத்துகிற கூட்டத்தில் யாருக்கு ஆள் மிச்சம்? இதுவரை அவன் எவ்வளவு இழுத்திருக்கிறான்? பெரும்பாலும் இழுக்காதவன்தான் சரியாகச் செய்திருப்பான், நமக்குத்தான் பிடிக்காது.

எங்கள் கடையில் இன்னும் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரல் 2, ட்வார்ஸ் டோர் ஃபிளாண்டரன் என்ற பெல்ஜியப் பந்தயம். முன்னால் நால்வர், அதில் மூவர் விஸ்மா குழு: வூட் வன் ஆர்ட், டீஷ் பெனூட், மட்டேயோ ஜோர்கன்சன். நாலாவது ஆள் அமெரிக்கர் நீல்சன் பவ்லெஸ், தனியாள். பாடம் என்ன சொல்கிறது? ஒருவர் மாற்றி ஒருவர் அடித்துக் கிளம்ப வேண்டும், ஒவ்வொரு தரமும் பவ்லெஸ்தான் துரத்தியாக வேண்டும், மூன்றாவது அடியில் அவர் செத்துவிடுவார். விஸ்மா அப்படிச் செய்யவில்லை. வன் ஆர்ட்டின் கடைசி வேகத்தை நம்பி எல்லாரையும் சேர்த்துக் கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள், பவ்லெஸ் அவரை முந்தி வென்றார். பிறகு வன் ஆர்ட் அது தன் முடிவு, தன் பிழை என்று ஏற்றுக்கொண்டார். இதில் வேடிக்கை, சரியாகப் பத்து வருஷத்துக்கு முன்னால் 2015 ஓம்லூப் என்ற பெல்ஜியப் பந்தயத்தில் பிரித்தானியாவின் இயன் ஸ்டனார்டும் இதே மாதிரித் தனியாளாக ஒரே குழுவின் மூவரை ஜெயித்தவர். அந்த மூவரில் பூனனும் ஒருவர்.

எங்கள் கூட்டத்து மூத்த அண்ணன் ஒருவர் விஸ்மா செய்தது சரிதான் என்கிறார். பத்துத் தரம் ஓடினால் ஒன்பது தரம் வன் ஆர்ட்தான் வேகம், அந்த ஒன்பதை விட்டுவிட்டு எதற்கு வீண் ஆட்டம் என்பது அவர் வாதம். என் பதில்: 180 கிலோமீட்டருக்கு மேல் மிதித்த பிறகு வேகம் என்பது சுபாவம் இல்லை, மிச்சம் இருக்கிறதுதான் வேகம். 2021 ஃபிளாண்டர்ஸில் காஸ்பர் அஸ்கிரீனும் வன் டெர் பூலும் மட்டும் சேர்ந்து கோட்டுக்கு வந்தபோது உலகமே வன் டெர் பூல் என்றது, ஜெயித்தது அஸ்கிரீன். அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

போட்டிக்கு விதி வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் ஒரே இரண்டு பெயரைத்தான் எழுதுவார்கள். எழுதுவதில் பிழையும் இல்லை: 2022 முதல் 2025 வரை நான்கு ஃபிளாண்டர்ஸையும் பொகாச்சாரும் வன் டெர் பூலும் ஆளுக்கு இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். முதலில் அவர்கள் இருவரையும் தடை செய்து பார்த்தோம், சப்பென்று போய்விட்டது. இப்போதைய விதி, அவர்களில் ஒருவரை எடுத்தால் அந்த ஒரு பெயர்தான் உங்களுக்கு, மற்றவர்களுக்கு மூன்று பெயர். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் எடுக்க முடியாது, வரிசை சீட்டுக் குலுக்கித்தான். முதல் மூன்று இடத்துக்கும் புள்ளி. பெரிய ஆளை எடுத்தவர் எப்போதும் தப்பித்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். 2025இல் நெதர்லாந்தின் அம்ஸ்டெல் கோல்ட் பந்தயத்தில் பொகாச்சார் தனியாகப் போய்விட்டார் என்று அவரை எடுத்தவர் வடைக்கே சொல்லிவிட்டார், பின்னால் ரெம்கோ எவெனெபூலும் மத்தியாஸ் ஷெல்மோஸும் சேர்ந்து வந்து பிடித்தார்கள், கோட்டில் ஷெல்மோஸ் முதலாவது.

கடைசியாக, பவர் பேங்கும் போதிய டேட்டாவும் இல்லாமல் உட்காராதீர்கள். புத்தாண்டுக்கு முதல் நாள், 2025 ரூபே. பொகாச்சார் ஒரு வளைவில் திரும்ப முடியாமல் நேரே போய் விழுந்தார், வன் டெர் பூல் தனியாகப் போனார், அந்த நேரம் பார்த்து டேட்டா முடிந்தது. யாரிடமும் கார்ட் இல்லை, கடைகளும் அடைத்தாயிற்று. எல்லாரும் வன் டெர் பூல்தான் என்றோம். ஒரு தம்பி மட்டும் "இல்ல, அவருக்கு டயர் போகும்" என்று சாதித்தான். பிறகு பார்த்தால் டயர் போய்த்தான் இருக்கிறது, சைக்கிளை மாற்றியும் வன் டெர் பூல் ஒரு நிமிடத்துக்கு மேல் முன்னால் வந்து வென்றிருக்கிறார். டயரைச் சரியாகச் சொன்னதற்குத் தனக்கு அரை வடையாவது வர வேண்டும் என்று அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.