கிளவுட் தரவுத்தளம்: முதல் முறையாக அமைப்பவர்களுக்கு

விற்பனைக் கணக்கை ஒரே எக்செல் கோப்பில் வைத்துக்கொண்டு, நான்கு பேர் மாறி மாறித் திறக்கும் நிலை வந்துவிட்டால் தரவுத்தளம் தேவைப்படுகிறது என்று பொருள். அதற்காகச் சொந்தமாக சர்வர் வாங்கிப் பராமரிக்க வேண்டியதில்லை. கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுத்தால், இயந்திரம், மென்பொருள் புதுப்பிப்பு, தினசரி பேக்கப் (தரவின் காப்பு நகல்) ஆகியவற்றைச் சேவை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். யாரை உள்ளே விடுவது, எதை அழிப்பது என்பவை மட்டும் நம் பொறுப்பு. 2009-இல் தொடங்கிய அமேசான் ஆர்டிஎஸ் (RDS) என்ற தரவுத்தளச் சேவையை இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற இரண்டு தரவுத்தள மென்பொருள்களில் உங்கள் மென்பொருள் எதைக் கேட்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். எதுவும் கேட்கவில்லையென்றால் போஸ்ட்கிரெஸ்.

படி 2: பயனர்களுக்கு அருகிலுள்ள மண்டலத்தில் (சேவை நிறுவனத்தின் கணினி மையங்கள் உள்ள பகுதி) சிறிய அளவில் தொடங்குங்கள். சேமிப்பிடத்தைப் பிறகு எளிதாகக் கூட்டலாம். நேரடியாகக் குறைக்க வழியில்லை.

படி 3: பொது இணைய அணுகலுக்கு ‘இல்லை’ என்று கொடுங்கள். போஸ்ட்கிரெஸுக்கான இணைப்பு நுழையும் வாசலான 5432 போர்ட்டை, உங்கள் செயலி இயங்கும் சர்வருக்கு மட்டும் திறந்துவிடுங்கள். இணைப்பு கிடைக்காத எரிச்சலில் பலர் 0.0.0.0/0 என்று போட்டுவிடுகிறார்கள்; உலகத்துக்கே கதவைத் திறக்கும் வரி அது. செயலிக்கு நிர்வாகிக் கணக்கைக் கொடுக்காமல், குறைந்த உரிமையுள்ள தனிப் பயனரை உருவாக்குங்கள்.

படி 4: தானியங்கி பேக்கப்பை 35 நாள் வரை வைத்திருக்கலாம். பூஜ்யம் என்று வைத்தால் பேக்கப்பே கிடையாது. தரவுத்தளம் முழுவதையும் யாரும் தவறுதலாக அழித்துவிடாமல் காக்கும் அழிப்புத் தடுப்பையும் இயக்கிவிடுங்கள்.

படி 5: பெரும்பாலோர் தாண்டிப்போகும் இடம் இதுதான். உண்மையான தரவை ஏற்றும் முன், பேக்கப்பிலிருந்து ஒருமுறை மீட்டெடுத்துப் பாருங்கள். ஓர் அட்டவணையில் பத்து வரிகளைச் சேர்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து அவற்றை அழியுங்கள். பத்து நிமிடம் கழித்து, குறித்த நேரத்தில் இருந்த நிலைக்கு மீட்டெடுக்கச் சொல்லுங்கள். பழைய சர்வர் அப்படியே இருக்கும். மீட்ட தரவு வேறொரு முகவரியில் புதிய சர்வராக எழும். செயலியில் அந்த முகவரியை மாற்றினால்தான் வேலை நடக்கும். இதற்கு ஆகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதி வையுங்கள்; ஏதாவது தவறு நடக்கும் நாளில் உங்கள் தொழில் அவ்வளவு நேரம் நின்றிருக்கும்.

கூடுதல் பணம் கட்டி இன்னொரு மையத்தில் மாற்று சர்வர் வைத்திருந்தால் இந்தப் பயிற்சி தேவையில்லை என்று நினைக்காதீர்கள். வன்பொருள் பழுதானால் அது கைகொடுக்கும். தவறுதலாக நீங்கள் அழித்த வரிகளோ அங்கேயும் உடனே அழிந்துவிடும்.

படி 6: பயிற்சிக்காக எழுந்த சர்வரை அழித்துவிடுங்கள். நிறுத்தி வைத்தால் போதாது: சேமிப்பிடக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும், 7 நாள் கழித்து அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். செலவு எல்லை தாண்டினால் மின்னஞ்சல் வரும்படி எச்சரிக்கை ஒன்றும் அமைத்துவிட்டு, அதன் பிறகு எக்செல் கோப்பை ஏற்றுங்கள்.