பழைய டாஸ் ப்ரோக்ராம் "மெமரி பத்தல"ன்னு அடம் பிடிச்சா என்ன பண்ணணும்

கம்ப்யூட்டர்ல 16 ஜி.பி. ராம் இருக்கும், அதுல 1990 வாக்குல டாஸ்க்குன்னு (விண்டோஸுக்கு முன்னாடி இருந்த, கமாண்ட் அடிச்சு ஓட்டுற ஆபரேட்டிங் சிஸ்டம்) எழுதின ஒரு சின்ன ப்ரோக்ராம ஓட்டினா போதுமான மெமரி இல்லன்னு ஒரு வரிய காட்டிட்டு நின்னுடும். இத பாத்ததும் நிறைய பேர் முதல்ல செய்யுறது எங்கயாவது மெமரின்னு இருக்குற நம்பர தேடி புடிச்சு ஏத்தி விடுறது தான், ஆனா பல நேரம் அது பிரச்சனைய தீக்காது, சில நேரம் கூட்டியும் விடும். பத்து ரூம் இருக்குற வீட்டுக்கு வந்தவர் வாசல்லயே நின்னுகிட்டு உக்கார இடம் இல்லன்னு சொல்ற மாதிரி தான் இந்த எரர். ப்ரோக்ராமுக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட வகை மெமரி, அது எந்த வகைன்னு கண்டுபிடிச்சுட்டா மாத்த வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு வரி தான்.

ஒரு விஷயம், கமாண்ட் எல்லாத்தையும் இங்க தமிழ் எழுத்துல தான் போட்டிருக்கேன், நீங்க அடிக்கறப்ப இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கோங்க.

முதல் படி: எதுல ஓட்டுறீங்கன்னு பாருங்க

விண்டோஸ்ல வர்ற கறுப்பு கமாண்ட் விண்டோ டாஸ் கிடையாது, பாக்க தான் அப்டி இருக்கும். 64 பிட் விண்டோஸ்ல 16 பிட் டாஸ் ப்ரோக்ராம் நேரடியா ஓடவே ஓடாது, "இந்த ஆப் உங்க பிசில ஓடாது"ன்னு வந்தா அதுக்கு அர்த்தம் இது தான், மெமரிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுக்குள்ள அபவுட் போனா 32 பிட்டா 64 பிட்டான்னு தெரிஞ்சுடும். விண்டோஸ் 11னா பாக்கவே வேணாம், அதுல 32 பிட் கிடையாது. 64 பிட் ஆளுங்களுக்கு எளிய வழி டாஸ்பாக்ஸ், அதாவது விண்டோஸ்க்குள்ளயே ஒரு பழைய டாஸ் மெஷின் மாதிரி நடிக்கிற ப்ரோக்ராம், காசு கொடுக்காம இறக்கிக்கலாம். எக்ஸ்.பி., விண்டோஸ் 7 மாதிரி 32 பிட் சிஸ்டம் வச்சிருக்கவங்களுக்கு விண்டோஸ்க்குள்ளயே டாஸ் ஓட்ட ஏற்பாடு இருக்கு, அத கடைசியில சொல்றேன்.

எதையும் தொடறதுக்கு முன்னாடி அந்த ப்ரோக்ராம் இருக்குற ஃபோல்டர முழுசா ஒரு காப்பி எடுத்து வேற இடத்துல வச்சுடுங்க. முக்கியமா பழைய கணக்கு, டேட்டா எல்லாம் அதுக்குள்ள இருந்தா இத தாண்டி போகாதீங்க.

இரண்டாவது படி: எத்தன வகை மெமரி

இத மட்டும் கொஞ்சம் பொறுமையா படிச்சுட்டா மீதி எல்லாம் தானா புரியும். 1981-ல வந்த ஐ.பி.எம். பிசில இருந்த 8088 சிப்புக்கு மெமரி முகவரி சொல்ல 20 கம்பி தான், அதனால அதால எண்ண முடிஞ்சது 1024 கே.பி. மட்டும். அதுல முதல் 640 கே.பி. ப்ரோக்ராமுக்கு, மேல இருக்குற 384 கே.பி. ஸ்க்ரீனுக்கும் ரோம் சிப்புக்கும் ஒதுக்கிட்டாங்க. அந்த 640-க்கு பேரு கன்வென்ஷனல் மெமரி. டாஸும் அதுக்குள்ள தான் குடியிருக்கணும், மவுஸ் டிரைவர், சிடி டிரைவர் எல்லாமே அதுக்குள்ள தான், மிச்சம் இருக்கறது தான் ப்ரோக்ராமுக்கு. மேல உள்ள 384-ல காலியா கிடக்குற துண்டுகள அப்பர் மெமரின்னு சொல்லுவாங்க.

அப்புறம் கணக்கு, டேட்டாபேஸ் எல்லாம் பெருசாக பெருசாக 640 பத்தாம போச்சு. 1985-ல லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூணும் சேந்து எக்ஸ்பேண்டட் மெமரி, அதாவது இ.எம்.எஸ்.னு ஒரு வழி கொண்டு வந்தாங்க, மேல இருக்குற அப்பர் பகுதியில 64 கே.பி. அளவுக்கு ஒரு ஜன்னல் வச்சு அது வழியா பெரிய மெமரிய 16 கே.பி. துண்டு துண்டா மாத்தி மாத்தி காட்டுறது. 286, 386 சிப் வந்தப்புறம் 1 எம்.பி.க்கு மேல நிஜமாவே மெமரி போட முடிஞ்சது, அது எக்ஸ்டெண்டட், அத டாஸ்ல பங்கு போட்டு கொடுக்குற முறை எக்ஸ்.எம்.எஸ். இந்த ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கறதால குழம்பாத ஆளே கிடையாது, மேனுவல்ல எது போட்டிருக்குன்னு ஒவ்வொரு எழுத்தா பாத்து படிங்க. கடைசியா டி.பி.எம்.ஐ., 386-க்குன்னு எழுதின 32 பிட் ப்ரோக்ராமுங்க பெரிய மெமரிய நேரா எடுத்துக்க உதவுறது.

மூணாவது படி: இப்ப எவ்ளோ இருக்குன்னு பாருங்க

டாஸ்பாக்ஸ திறந்து மெம்னு அடிச்சு என்டர் தட்டுங்க. கன்வென்ஷனல் எவ்ளோ காலி, அப்பர் எவ்ளோ, எக்ஸ்டெண்டட் எவ்ளோ, எக்ஸ்பேண்டட் எவ்ளோன்னு தனித்தனியா வரும். டாஸ்பாக்ஸ்ல கன்வென்ஷனல் 630 கே.பி.ய ஒட்டி காலியா இருக்கும், நிஜ டாஸ்ல இவ்ளோ கிடைக்க ரொம்ப மெனக்கெடணும். நிஜ டாஸ் மெஷின்ல மெம் ஸ்லாஷ் சி ஸ்லாஷ் பி அடிச்சா எந்த டிரைவர் எவ்ளோ தின்னுதுன்னு பக்கம் பக்கமா காட்டும். இந்த நம்பர ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, பின்னாடி மாத்தினப்புறம் ஒப்பிட்டு பாக்கலாம்.

நாலாவது படி: எரர் என்ன சொல்லுதுன்னு படிங்க

"ப்ரோக்ராம் டூ பிக் டு ஃபிட் இன் மெமரி"ன்னு வந்தா கன்வென்ஷனல் பத்தல, இல்லன்னா அந்த ஃபைலே காப்பி பண்றப்ப கெட்டு போயிருக்கு. டாஸ்பாக்ஸ்ல 630 கே.பி. காலி இருந்தும் இது வருதுன்னா ரெண்டாவத தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன்.

"இ.எம்.எஸ். இல்ல"ன்னு வந்தா இ.எம்.எஸ்.ஸ ஆன் பண்ணணும், அவ்ளோ தான்.

"நோ டி.பி.எம்.ஐ."ன்னு வந்து சி.எஸ்.டி.பி.எம்.ஐ.னு ஒரு ஜிப் பேர காட்டினா மெமரிய தொடவே வேணாம், சி.டபிள்யூ.எஸ்.டி.பி.எம்.ஐ.ங்கற குட்டி ஃபைல எடுத்து ப்ரோக்ராம் இருக்குற ஃபோல்டர்லயே போட்டா போதும். இதே மாதிரி பெரிய மெமரிய எடுத்துக்குடுக்குற டாஸ் ஃபோர் ஜி.டபிள்யூ. ஃபைல காணோம்னு சொன்னாலும் இதே கதை தான், அந்த ஃபைல் பக்கத்துல இல்ல.

"பேக்ட் ஃபைல் இஸ் கரப்ட்", இது தான் எல்லாத்துலயும் வேடிக்கையானது. ஃபைல் கெட்டுப்போச்சுன்னு சொல்லும், பாத்தா ஃபைல் நல்லா தான் இருக்கும். அந்த காலத்துல டிஸ்க்ல இடம் மிச்சம் பண்ண எக்ஸிபேக்னு ஒரு டூல் வச்சு ப்ரோக்ராம சுருக்கி வச்சாங்க, அத விரிக்கிற கோடு 1 எம்.பி.ய தாண்டின முகவரி திரும்ப பூஜ்யத்துக்கே சுத்தி வந்துடும்னு நம்பி எழுதினது. மெமரியோட முதல் 64 கே.பி.க்குள்ள ப்ரோக்ராம் உக்காந்தா இந்த நம்பிக்கை பொய்யாகி எரர் வந்துடும். பழைய டாஸ்ல டாஸே அந்த 64 கே.பி.ய அடைச்சுகிட்டு இருந்ததால யாருக்கும் தெரியல, டாஸ மேல நகத்தி இடம் காலி பண்ணப்ப தான் வெளிய வந்துச்சு. அதாவது இடம் கூடினதால வந்த எரர்! 1991-ல எம்.எஸ். டாஸ் 5 கூடவே இதுக்கு லோட்ஃபிக்ஸ்னு ஒரு கமாண்ட் குடுத்தாங்க, டாஸ்பாக்ஸ்லயும் அது இருக்கு. லோட்ஃபிக்ஸ்னு அடிச்சு ஒரு இடைவெளி விட்டு ப்ரோக்ராம் பேர அடிங்க, கீழ 64 கே.பி.ய அதுவே அடைச்சு வச்சுட்டு ப்ரோக்ராம மேல ஏத்தி ஓட்டும். டாஸ்பாக்ஸ்ல அடைச்சத விடுவிக்க லோட்ஃபிக்ஸ் மைனஸ் எஃப்.

"ரன்டைம் எரர் 200" வந்தா அது மெமரி இல்ல, டர்போ பாஸ்கல்ங்கற ப்ரோக்ராமிங் டூல்ல எழுதின ப்ரோக்ராம் சிபியு வேகத்த அளக்கப் போய் வகுத்தல்ல மாட்டிக்குது. டாஸ்பாக்ஸ்ல சைக்கிள்ஸ, அதாவது அது காட்டுற சிபியு வேகத்த, குறைச்சு பாருங்க, கன்ட்ரோல் எஃப் 11 அழுத்தினா குறையும்.

ஐந்தாவது படி: டாஸ்பாக்ஸ் செட்டிங்ஸ்

விண்டோஸ் ஸ்டார்ட் மெனுல டாஸ்பாக்ஸ் ஃபோல்டருக்குள்ள ஆப்ஷன்ஸ்னு இருக்கும், அத திறந்தா செட்டிங்ஸ் எல்லாம் எழுதியிருக்குற கான்ஃப் ஃபைல் நோட்பேட்ல வரும். அத நேரா மாத்தாம வேற பேர்ல சேவ் பண்ணி ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் தனி கான்ஃப் ஃபைல் வச்சுக்கிறது தான் நல்லது, ஏன்னா ஒண்ணுக்கு சரியா இருக்குறது இன்னொண்ணுக்கு ஆகாது. டாஸ்பாக்ஸ கூப்பிடறப்ப மைனஸ் கான்ஃப் போட்டு அந்த ஃபைல் பேர குடுத்தா போதும்.

நாலே வரி தான் பாக்கணும். மெம்சைஸ்=16, இது எம்.பி. கணக்கு. இத அப்டியே விடுங்க. ஏத்தினா வேகம் கூடாது, அதிகபட்சம் 63 தான் எடுக்கும். பழைய எக்ஸ்.எம்.எஸ். முறையில காலி மெமரிய 16 பிட் எண்ல கே.பி. கணக்கா சொல்லுவாங்க, அந்த எண்ண மைனஸ் வரக்கூடிய எண்ணா எடுத்துக்குற ப்ரோக்ராமுக்கு 32 எம்.பி.ய தாண்டினாலே மைனஸ்ல தெரியும், உடனே மெமரி இல்லன்னு கத்தும். அதனால 16-ல வேலை செய்யலன்னா 8, 4னு இறக்கி பாருங்க, அப்புறமா ஏத்துங்க.

மத்த மூணு எக்ஸ்.எம்.எஸ்., இ.எம்.எஸ்., யு.எம்.பி. (அப்பர் மெமரி துண்டுகள்), எல்லாமே ட்ரூன்னு இருக்கும். ஒண்ணொண்ணா ஃபால்ஸ் ஆக்கி பாக்கணும், ஒரே நேரத்துல ரெண்டு மூணு மாத்தினா எது சரி பண்ணிச்சுன்னு தெரியாம போய்டும். நான் முதல்ல இ.எம்.எஸ்.ல தான் கை வைப்பேன், தனக்குன்னு சொந்த மெமரி மேனேஜர் வச்சிருக்கற ப்ரோக்ராமுங்களுக்கு அது இருந்தாலே ஆகாது. 1992-ல வந்த அல்டிமா 7 கேம் இதுக்கு பேர் போனது, அந்த காலத்துலயே அதுக்காக தனி பூட் ஃபிளாப்பி பண்ணி வச்சிருந்தாங்க. மாத்தி சேவ் பண்ணிட்டு டாஸ்பாக்ஸ மூடி திறங்க, மெம் அடிச்சு நம்பர் மாறிச்சான்னு உறுதி பண்ணிக்கோங்க.

நிஜ டாஸ் மெஷின் வச்சிருக்கவங்களுக்கு

டாஸ் ஸ்டார்ட் ஆகறப்ப படிக்கிற கான்ஃபிக் டாட் சிஸ் ஃபைல்ல வரிசை முக்கியம். முதல்ல டிவைஸ்=ஹைமெம் டாட் சிஸ் (எக்ஸ்.எம்.எஸ். குடுக்குறது), அதுக்கு கீழ டிவைஸ்=இ.எம்.எம்.386 டாட் எக்ஸி (இ.எம்.எஸ்., அப்பர் மெமரி குடுக்குறது), அப்புறம் டாஸ்=ஹை,யு.எம்.பி. ஹைமெம் முன்னாடி இல்லன்னா இ.எம்.எம்.386 ஏறாது. இ.எம்.எஸ். வேணாம்னா அந்த வரி கடைசியில நோ இ.எம்.எஸ்.னு சேருங்க, வேணும்னா ராம்னு சேருங்க, ஆனா ராம் போட்டா அந்த 64 கே.பி. ஜன்னல் அப்பர் மெமரிய தின்னுடும். அப்புறம் சிடி டிரைவர் வரியில டிவைஸ்க்கு பதிலா டிவைஸ்ஹை, ஆட்டோஎக்ஸெக் ஃபைல்ல மவுஸுக்கு முன்னாடி எல்.எச். போட்டா ரெண்டும் மேல போய்டும், கீழ கன்வென்ஷனல் கூடும். எம்.எஸ். டாஸ் 6-ல மெம்மேக்கர்னு ஒண்ணு இதெல்லாம் தானே பண்ணும். ஏதாவது தப்பா எழுதி மெஷின் பூட் ஆகாம நின்னா பயப்படாதீங்க, டாஸ் 6-ல ஸ்டார்ட் ஆகறப்ப எஃப் 5 அழுத்தினா இந்த ஃபைல்கள தாண்டி போய்டும், எஃப் 8 அழுத்தினா ஒவ்வொரு வரியா கேட்டு கேட்டு ஓட்டும்.

32 பிட் விண்டோஸ்

ப்ரோக்ராம் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், மெமரி டேப். கன்வென்ஷனல ஆட்டோவுலயே விடுங்க. எக்ஸ்.எம்.எஸ்., டி.பி.எம்.ஐ. ஆட்டோல தகராறு பண்ணா 8192ன்னு ஒரு அளவு வச்சு பாருங்க. எதுவும் மாறலன்னா இ.எம்.எஸ்.ஸ நன் ஆக்குங்க. "அவுட் ஆஃப் என்விரான்மென்ட் ஸ்பேஸ்"னு வந்தா அதே டேப்ல இருக்குற இனிஷியல் என்விரான்மென்ட்ட கூட்டணும், மெமரிய இல்ல. டேட்டாபேஸ் ப்ரோக்ராம் நிறைய ஃபைல் திறந்துட்டேன்னு சொன்னா சிஸ்டம்32 ஃபோல்டர்ல கான்ஃபிக் டாட் என்.டி.ங்கற ஃபைல்ல ஃபைல்ஸ்=40ன்னு இருக்கறத 100 ஆக்குங்க.

இதெல்லாம் தாண்டி ப்ரோக்ராம் "இடம் இல்ல"ன்னு மட்டும் மொட்டையா சொன்னா டிஸ்க்ல இருக்குற இடத்த சொல்லுதான்னும் பாருங்க. 2 ஜி.பி.க்கு மேல காலியா இருந்தா அந்த எண்ணும் பழைய ப்ரோக்ராமுக்கு மைனஸா தெரியலாம். டாஸ்பாக்ஸ்ல ஃபோல்டர ஒரு டிரைவா இணைக்கிற மவுண்ட் கமாண்ட் கடைசியில மைனஸ் ஃப்ரீசைஸ் 500ன்னு சேத்தா 500 எம்.பி. தான் காலின்னு காட்டும், 32 பிட் விண்டோஸ்ல 2 ஜி.பி.க்கு கம்மியான பென்டிரைவ்ல ப்ரோக்ராம போட்டு ஓட்டி பாத்துடலாம்.