நிரம்பாத குழியை நம்பாதீர்கள்: யாழ்ப்பாணத்தில் வீட்டுத்திட்டமும் கிணற்று நீரும்

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் இருப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீர்தான். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். மேலே கிடக்கும் செம்பாட்டு மண் சில இடங்களில் ஓரடிகூடத் தேறாது. மண்ணுக்குள் இறங்கும் கழிவு வடிபடும். கல்வெடிப்புக்குள் இறங்குவது அப்படியே ஓடிவிடும்.

2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான பயனாளிகள் 550,000 ரூபா உதவியில் தாங்களே வீடு கட்டினார்கள். இப்படியான திட்டங்களில் மலசலகூடக் குழி எங்கே வரும், எப்படி வரும் என்பதை வீட்டுக்காரரும் மேசனும்தான் முடிவு செய்கிறார்கள். அதுவும் காசு முடிகிற நேரத்தில். ‘அடியைத் திறந்து விட்டால் ஒருநாளும் நிரம்பாது’ என்று மேசன் சொல்வார். உண்மைதான், நிரம்பாது. உள்ளே போனது யாரோ ஒருவரின் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அத்திவாரம் வெட்டமுன்

வளவின் படத்தில் உங்கள் கிணற்றோடு நிற்காமல் வேலிக்கு அப்பாலுள்ள கிணறுகளையும் குறியுங்கள். பெரும்பாலான படங்களில் விடுபடுவது இதுதான். குழிக்கும் எந்தக் கிணற்றுக்கும் இடையே 100 அடி இருக்கட்டும். வெடிப்புக்கல்லில் அந்தத் தூரமும் முழு உத்தரவாதம் அல்ல, குறைந்தபட்சம் என்று எடுங்கள். 2 பரப்புக் காணியில் (ஏறத்தாழ 500 சதுர மீற்றர்) 100 அடி கிடைப்பதே அரிது. அப்படியானால் பக்கத்து வீட்டாரோடு பேசி, நாலைந்து வீட்டுக்கு ஒரு பொதுத் தொட்டி, எதிர்ப்பக்கத்தில் ஒரு பொதுக் குடிநீர்க் கிணறு என்று ஒழுங்குசெய்வது மேல்.

அடுத்தது நீர்மட்டம். கிணற்று நீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்பதை ஆவணியில் அளந்து பயனில்லை. மார்கழி மழையின் உச்சத்தில் கயிறு விட்டு அளவுங்கள். கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும் இடத்துக்கும் அந்த மட்டத்துக்கும் இடையே குறைந்தது 6 அடி மண் வேண்டும்; கல்லைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

கட்டத் தொடங்கமுன் ஒருமுறை நீரைப் பரிசோதித்து அறிக்கையை வைத்திருங்கள்: நைத்திரேற்று (கழிவின் நைதரசன் மாறி வருவது), ஈ.கோலி (மலக்கிருமி), மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டும்). பிறகு வழக்கு வந்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். மாதிரி எடுக்கும் முறையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸில் வைத்து அன்றே கொடுக்க வேண்டும்.

தொட்டி

ஐந்து பேருக்கு உள்ளளவு 6 அடி நீளம், 3 அடி அகலம், நீராழம் 4 அடி. ஏறத்தாழ 2,000 லீற்றர் பிடிக்கும். அடித்தளம் 6 அங்குலக் கொங்கிறீட், 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி). சுவர் சீமெந்துக் கல். உட்புறம் 1:3 கலவையில் இரண்டு பூச்சு, மூலைகளை வளைத்துப் பூச வேண்டும். உள்ளே வரும் பக்கத்திலிருந்து 4 அடியில் தடுப்புச்சுவர், அதில் நடு ஆழத்தில் திறப்பு. வரும் குழாய்க்கும் போகும் குழாய்க்கும் ‘ரி’ மூட்டு போட்டு, கீழ்க்கிளையை நீருக்குள் ஓரடி இறக்குங்கள். போகும் குழாய் 2 அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். ‘ரி’யை விட்டுவிட்டால் மேலே மிதக்கும் கழிவுப் படலம் வெளியே போய், நீரை மண்ணுக்குள் விடும் வடிபடுகையைச் சில வருடத்தில் அடைத்துவிடும்.

மூடி போடமுன் நீரை நிரப்பி ஒருநாள் ஊறவிடுங்கள். மறுபடி விளிம்புவரை நிரப்பி அடையாளமிட்டு, 24 மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் ஒழுகுகிறது, திரும்பப் பூசுங்கள். மேசனின் கடைசிக் கூலியை இந்தச் சோதனைக்குப் பிறகு கொடுப்பது நல்லது.

ஒழுகாத தொட்டி கட்டாயம் கசடால் நிரம்பும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கழிவு உறிஞ்சும் பவுசரை அழைக்க வேண்டும். அதன் குழாய் எட்டும் இடத்தில் தொட்டியை வையுங்கள். வீட்டுக்குப் பின்னால் மதிலை ஒட்டிக் கட்டிவிட்டு அந்தரிப்பவர்கள் பலர்.

வெளியேறும் நீர்

ஆழக்குழி வேண்டாம். தரைக்கு மேலே 10 அடிக்கு 10 அடி படுகை போடுங்கள்: கீழே 2 அடி பருமணல், மேலே ஓரடி முக்கால் அங்குலச் சல்லி, சல்லிக்குள் துளையிட்ட 4 அங்குலக் குழாய், அதற்குமேல் அரை அடி மண். சுற்றிக் கல்வாழை, வாழை. நீர் தானாக ஓடவேண்டுமானால் மலசலகூடத் தளத்தையும் தொட்டியையும் ஏறக்குறைய அதே அளவுக்கு உயர்த்த வேண்டும்; இதை அத்திவாரத்திலேயே திட்டமிடாவிட்டால் பிறகு முடியாது. குளிக்கும் நீரை இதற்குள் விடாதீர்கள், படுகை தாங்காது.

படுகை கிருமியைப் பெருமளவு பிடிக்கும், நைத்திரேற்றைப் பிடிக்காது. ஒரு கணக்குப் பாருங்கள். ஒருவரிடமிருந்து வருடம் 3 கிலோ நைதரசன் என்று வைத்தால் ஐந்து பேருக்கு 15 கிலோ. பாதி போய்விட்டாலும் மிச்சம் 33 கிலோ நைத்திரேற்றாக மாறும். 2 பரப்பில் வருடம் 300 மில்லிமீற்றர் மழை நிலத்துக்குள் இறங்கினால் அது ஒன்றரை இலட்சம் லீற்றர். லீற்றருக்கு 220 மில்லிகிராம் வருகிறது. இலங்கைக் குடிநீர்த் தரத்தின் எல்லை 50. நெருக்கமாக வீடுகள் வரும் இடத்தில் தொட்டி எவ்வளவு திறமாக இருந்தாலும் குடிநீர்க் கிணற்றைக் குடியிருப்புக்கு வெளியே வைக்கச் சொல்வது இதனால்தான்.

கிணறு

கட்டு 3 அடி உயரம். சுற்றி 4 அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிந்த கொங்கிறீட் தளம், அதிலிருந்து தோட்டத்துக்கு வாய்க்கால். உட்சுவரின் மேல் 10 அடியை நீர் கசியாமல் பூசுங்கள். வீடு கட்டும் மாதங்களில் கூலியாட்களுக்கான தற்காலிக மலசலகூடத்துக்கும் அதே 100 அடிதான். கொங்கிறீட்டுக்கு நீரூற்றவென்று மோட்டரை நாள்முழுக்க ஓடவிட்டால் அடியிலிருக்கும் உவர்நீர் மேலேறும். காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துத் தாங்கியில் சேருங்கள்.

வெள்ளம் வடிந்தபின் 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் வீதம் வெளிற்றும் தூள் போடலாம். 10 அடி விட்டக் கிணற்றில் 6 அடி நீர் நின்றால் ஏறத்தாழ 13,000 லீற்றர், ஆகவே 33 கிராம். வாளியில் கரைத்து அடைய விட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக் கலக்கி, அரை மணித்தியாலம் பொறுங்கள். இது கிருமிக்கு மட்டுமே. நைத்திரேற்று கூடிய நீரைக் கொதிக்கவைத்தால் ஆவியாகும் அளவுக்கு அது இன்னும் செறியும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்த நீரை எடுக்கவே வேண்டாம்.